ரவாங்கிலிருந்து செந்தூலுக்கு: வேலைப் பயணத்தை அளந்து பார்த்து வீடு மாறிய ஒரு குடும்பம்

கோலாலம்பூரில் வாடகை வீடு தேடுகிறவர்கள் முதலில் வாடகையைப் பார்க்கிறார்கள், அடுத்து வரைபடத்தில் ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று பார்க்கிறார்கள். இந்த இரண்டையும் வைத்து எடுத்த முடிவு ஏன் சறுக்குகிறது, வேறு எதை அளந்தால் சரியாக வரும் என்பதற்கு இந்தக் குடும்பத்தின் எட்டு மாத அனுபவம் நல்ல சான்று. அவர்கள் எடுத்த குறிப்புகள் தேதியோடும் நிமிடத்தோடும் இருக்கின்றன. தவறிய இடங்களும் அதில் மறைக்கப்படவில்லை.

பின்னணி

வீட்டில் நான்கு பேர். கணவருக்கு 36 வயது, பெட்டாலிங் ஜெயா செக்‌ஷன் 51ஏ பகுதியில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புத் தொழில்நுட்பர். வேலை காலை 8.00 மணிக்குத் தொடங்கி மாலை 5.30க்கு முடியும். மனைவிக்கு 33, அம்பாங் பார்க் அருகே ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. 8.30க்கு மேசையில் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் மூன்று நான்கு நாள்களில் இரவு 9 மணியாகிவிடும். மகன் 2024 மார்ச்சில் ஆரம்பப் பள்ளியில் முதலாம் ஆண்டு போக வேண்டியவன். கணவரின் தாயாருக்கு 64 வயது, நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்வது அவர்தான்.

கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தரை வீடு, வாடகை 850 வெள்ளி (ரிங்கிட்). ஒரு மைவி கார், ஒரு மோட்டார் சைக்கிள். கணவர் காரில் ஒரு வழிக்கு 38 கிலோமீட்டர் போவார். மனைவி மோட்டாரில் ரவாங் நிலையம் வரை போய், கேடிஎம் புறநகர் ரயில் பிடித்து கேஎல் சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டி இலகு ரயிலில் அம்பாங் பார்க் வருவார்.

இருவருமே "ஒன்றரை மணி நேரம் ஆகும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது இருவரிடமும் பதில் இல்லை.

முதல் அளவு

2023 அக்டோபர் கடைசியில் தொடங்கி 15 வேலை நாள்கள் இருவரும் ஒரு சிறு நோட்டில் எழுதினார்கள். ஐந்து கட்டங்கள்: வீட்டுக் கதவைப் பூட்டியது, நடைமேடையில் நின்றது, ரயில் ஏறியது, இறங்கியது, மேசையில் உட்கார்ந்தது. திரும்பும்போது அதே வரிசை தலைகீழாக. காரில் போகிறவருக்கு நடு மூன்று கட்டங்களுக்குப் பதிலாக, டோல் தாண்டிய நேரமும் வண்டியை நிறுத்திய நேரமும்.

கணவரின் முதல் வாரக் குறிப்பிலேயே ஒரு விஷயம் தெரிந்தது. காலை 5.50க்குக் கிளம்பி 6.45க்குத் தொழிற்சாலை வாசலில் இருந்தார். "ஐம்பத்தைந்து நிமிடம்தான், பரவாயில்லை" என்பது அவர் கணக்கு. ஆனால் 6.45லிருந்து 7.50 வரை கார் இருக்கையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். 6.20க்குப் பிறகு கிளம்பினால் சுங்கை பூலோவைத் தாண்டவே அரை மணி கூடுதலாகும் என்பதால் வந்த பழக்கம் அது. சாலையில் கழியாத அந்த ஒரு மணி நேரம் வீட்டிலும் கழியவில்லை. ஆகவே அதையும் பயணக் கணக்கில் சேர்த்தார்கள். கதவிலிருந்து மேசைவரை அவருக்கு இரண்டு மணி நேரம் என்பது அப்படித்தான் வெளிப்பட்டது.

மனைவியின் குறிப்பில் 2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை மாலை இப்படி இருக்கிறது: மேசையிலிருந்து எழுந்தது 5.34. எல்ஆர்டி நடைமேடை 5.45. இரண்டு ரயில்கள் நிரம்பி வந்ததால் ஏறியது 5.53. கேஎல் சென்ட்ரல் 6.07. கூட்டத்தில் நகர்ந்து புறநகர் ரயில் நடைமேடைக்கு வந்தது 6.15. 6.12 ரயில் போய்விட்டது. அடுத்தது 6.42. ரவாங் 7.38. வெளியே கொட்டும் மழை, மோட்டாரை எடுக்க முடியாமல் நின்றது 20 நிமிடம். வீட்டுக் கதவு 8.12. மொத்தம் 2 மணி 38 நிமிடம். மகன் அதற்குள் தூங்கிவிட்டிருந்தான்.

இதில் தவறியது மூன்று நிமிடம்தான். ஆனால் உச்ச நேரத்திலும் அரை மணிக்கு ஒன்றாக ஓடும் ரயிலில் மூன்று நிமிடத்தின் விலை முப்பது நிமிடம். நான்கு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும் எம்ஆர்டி நகர ரயிலில் அதே மூன்று நிமிடத் தாமதத்துக்கு விலை நான்கு ஐந்து நிமிடம்தான். வீடு தேடுகிறவர்கள் பயண நேரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், இரண்டு ரயிலுக்கு இடையிலான இடைவெளியைப் பற்றிக் கேட்பதில்லை. இந்த நகரத்தில் ஒரு வட்டாரத்தை வாழத் தக்கதாக ஆக்குவதில் அந்த இடைவெளிக்குத்தான் பெரிய பங்கு.

15 நாள் எண்களை ஏறுவரிசையில் எழுதி, சராசரியை விட்டுவிட்டு, 13ஆவது எண்ணை எடுத்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும் ஒரு முறையாவது வரக்கூடிய மோசமான நாள் அது. மனைவிக்கு மாலையில் 2 மணி 18 நிமிடம், கணவருக்கு 1 மணி 35 நிமிடம். இனி எந்த வட்டாரத்தையும் இந்த 13ஆவது எண்ணோடுதான் ஒப்பிடுவது என்று முடிவு செய்தார்கள். அதிகாலையில் கிளம்பும் நாளின் நேரத்தையோ, வரைபடச் செயலி ஞாயிற்றுக்கிழமை காட்டும் நேரத்தையோ கணக்கில் எடுப்பதில்லை என்றும் வைத்துக்கொண்டார்கள்.

பார்த்த வட்டாரங்கள்

பணக் கட்டுப்பாடு: வாடகையும் பயணச் செலவும் சேர்ந்து மாதம் 1,650 வெள்ளியைத் தாண்டக் கூடாது. நேரக் கட்டுப்பாடு: மனைவிக்கு மோசமான நாளிலும் 60 நிமிடம், கணவருக்கு 50. தமிழ்ப்பள்ளிக்குப் பாட்டி நடந்தே போய்வர முடிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை வைத்தது பாட்டிதான். "ஸ்கூலு பக்கத்துல இருந்தா நானே கூட்டிக்கிட்டு வந்துருவேன்மா, வேனுக்குக் காத்துக்கிட்டு நிக்க வேணாம்" என்றார். மருமகள் அதற்கு ஒரு திருத்தம் சேர்த்தார்: "பெரிய ரோட்டைத் தாண்டாம இருக்கணும் அத்தை, அதையும் பார்த்துக்குவோம்." பின்னால் இந்தத் திருத்தம்தான் பல வீடுகளைத் தள்ளியது.

பூச்சோங்கில் உறவினர்கள் இருந்ததால் முதலில் அங்கே போனார்கள். பூசாட் பண்டார் பூச்சோங் நிலையத்திலிருந்து ஸ்ரீ பெட்டாலிங் எல்ஆர்டி தடத்தில் மஸ்ஜித் ஜாமேக் வரை போய் மாறுவதைவிட, சுங்கை பெசியில் இறங்கி புத்ராஜெயா எம்ஆர்டி பிடிப்பது நல்லது. அந்தத் தடம் 2023 மார்ச் 16 அன்று முழுமையாகத் திறந்த பிறகு அம்பாங் பார்க்குக்கு நேரடியாகப் போக முடிகிறது. ஆனாலும் சுங்கை பெசி வரை எட்டு நிலையம், அதன் பிறகு ஏழு நிலையம். சோதித்துப் பார்த்த நாளில் கதவிலிருந்து மேசைவரை 1 மணி 22 நிமிடம். கணவருக்கு மோட்டாரில் டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலை வழியே அரை மணிதான். ஒருவருக்கு வசதி, ஒருவருக்கு ரவாங்கைவிடச் சற்றே மேல். உறவினர் பக்கத்தில் இருப்பது பெரிய ஆறுதல்தான் என்றாலும், தினமும் இரண்டே முக்கால் மணி நேரத்தை மனைவி ஒருவர் தலையில் மட்டும் ஏற்றும் ஏற்பாட்டைக் கணவரே வேண்டாம் என்றார்.

ஜின்ஜாங், கெப்போங் பாரு பக்கம் கணக்கு கவர்ச்சியாக இருந்தது. வாடகை 1,200. ஜின்ஜாங் நிலையத்திலிருந்து அம்பாங் பார்க் ஒன்பதாவது நிலையம், மாற வேண்டியதே இல்லை. சிக்கல் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது. எம்ஆர்டி ஜாலான் கெப்போங்கின் மேலே போகிறது. அவர்கள் பார்த்த அடுக்குமாடியிலிருந்து நிலையம் 1.6 கிலோமீட்டர். இணைப்புப் பேருந்துக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். ஆனால் மூன்று மாலைகளில் காத்திருந்த நேரம் 6, 19, 27 நிமிடங்கள். பேருந்து நெரிசல் சாலையிலேயே சுற்றி வருவதால் ரயிலின் ஒழுங்கு அதற்கு வராது. நடக்கலாம் என்றால் இரவு 9.30க்கு மனைவி நடந்து பார்த்தபோது கடைசி 400 மீட்டரில் நடைபாதை அறுந்து, சாலையோரம் நிறுத்திய லாரிகளுக்கு வெளிப்புறமாக இறங்கி நடக்க வேண்டியிருந்தது. தமிழ்ப்பள்ளி 4 கிலோமீட்டர், வேன் தவிர வழியில்லை. அதோடு அந்த வட்டாரத்தை விட்டுவிட்டார்கள். ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் வீடு கிடைத்து, பள்ளி வயதுப் பிள்ளையும் இல்லாத குடும்பத்துக்கு அதே ஜின்ஜாங் மிக நல்ல தேர்வாக இருந்திருக்கும்.

பெட்டாலிங் ஜெயா பழைய நகரத்தில் நான்கு பேருக்குப் போதுமான வீடு அவர்கள் தொகைக்குக் கிடைக்கவில்லை.

செந்தூல்: ஒரே பெயர், இரண்டு பக்கம்

செந்தூலைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரயில்வே பட்டறைக் காலத்திலிருந்து நம் ஆட்கள் வாழும் இடம். கோயில், தமிழ்ப்பள்ளி, மளிகை, பூக்கடை எல்லாம் நடை தூரத்தில். ஆனால் "செந்தூலில் எம்ஆர்டி வந்துவிட்டது" என்று விளம்பரத்தில் படித்துவிட்டு வீடு பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரயில் தண்டவாளம் இந்த ஊரை மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிக்கிறது. எம்ஆர்டியின் செந்தூல் பாராட் நிலையம் மேற்கே. எல்ஆர்டியின் செந்தூல், செந்தூல் தீமோர் நிலையங்களும் பழைய தமிழ்க் குடியிருப்புகளும் கிழக்கே. வரைபடத்தில் கோடு போட்டால் சில நூறு மீட்டர் போலத் தெரியும் தூரம், தண்டவாளத்தைச் சுற்றி நடக்கும்போது இரண்டு மடங்காகிவிடும். முகவர் ஒருவர் "எம்ஆர்டிக்கு 700 மீட்டர்" என்று காட்டிய வீட்டிலிருந்து உண்மையில் நடந்தபோது 1.3 கிலோமீட்டர், 19 நிமிடம்.

அந்த வீட்டைத் தள்ளிவிட்டுக் கிழக்குப் பக்கத்தில் எல்ஆர்டி செந்தூல் நிலையத்தைச் சுற்றித் தேடினார்கள். எம்ஆர்டி நேரடியாகக் கிடைக்காவிட்டாலும் ஒரே நிறுத்தத்தில் தித்திவங்சா வந்துவிடும். அம்பாங் தடம், ஸ்ரீ பெட்டாலிங் தடம் இரண்டின் ரயில்களும் செந்தூல் வரை வருவதால் காத்திருப்பும் குறைவு. தித்திவங்சாவில் மாறி மூன்றாவது நிலையம் அம்பாங் பார்க்.

இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. தித்திவங்சாவில் எல்ஆர்டி மேலே, எம்ஆர்டி நிலத்தடியில். வரைபடத்தில் ஒரே புள்ளிதான், காலுக்கு அது ஏழு நிமிடம். மின்படி ஒன்று பழுதானால் ஒன்பது. மனைவியின் சோதனைக் குறிப்பு: கதவு 7.22, செந்தூல் நடைமேடை 7.31, ஏறியது 7.35, தித்திவங்சா 7.38, எம்ஆர்டி நடைமேடை 7.45, ஏறியது 7.48, அம்பாங் பார்க் 7.56, மேசை 8.04. மொத்தம் 42 நிமிடம். ரயிலில் உட்கார்ந்த நேரம் 11 நிமிடம்தான், மீதி எல்லாம் நடையும் காத்திருப்பும். அதனால் வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஆகும் நடையில் ஐந்து நிமிடத்தைக் குறைப்பது, ரயிலில் இரண்டு நிலையம் குறைவதைவிடப் பெரிய லாபம்.

கணவருக்குச் செந்தூலிலிருந்து 15 கிலோமீட்டர். மோட்டாரில் ஃபெடரல் நெடுஞ்சாலை வழியாக 35 நிமிடம். மோட்டாருக்கு டோல் இல்லை. ரயிலில் போனால் மஸ்ஜித் ஜாமேக்கில் மாறி ஏசியா ஜெயாவில் இறங்கி, அங்கிருந்து நடந்தோ பேருந்திலோ போக வேண்டும். அது 65லிருந்து 70 நிமிடம்.

வீடு கிடைத்த விதம்

11 முகவர்களை அழைத்தார்கள். நான்கு பேர் பெயரைக் கேட்டதும் இனம் என்ன என்று கேட்டு, வீட்டுக்காரர் இந்தியர்களுக்குத் தரமாட்டார் என்று வைத்துவிட்டார்கள். இது அநியாயம், இன்றும் நடக்கிறது. வீடு தேட இரண்டு வாரம் போதும் என்று நினைக்கிற நம் குடும்பங்கள் நான்கு வாரம் வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதற்கு இது ஒரு காரணம். இவர்கள் ஐந்தாவது அழைப்பிலிருந்து முதல் செய்தியிலேயே குடும்ப விவரம், இருவரின் சம்பளச் சீட்டு, ரவாங் வீட்டுக்காரரிடம் வாங்கிய ஒரு பக்கக் கடிதம் மூன்றையும் அனுப்பிவிட்டார்கள். மறுக்கிறவர் உடனே மறுத்துவிடுவார், ஒரு சனிக்கிழமையும் பெட்ரோலும் மிச்சமாகும்.

தேர்ந்த வீடு ஓர் அடுக்குமாடியில் எட்டாவது மாடி, மூன்று அறை, வாடகை 1,400, ஒரு கார் நிறுத்துமிடம். கையெழுத்துக்கு முன் செய்த சோதனைகளில் பாட்டியின் நடைதான் முக்கியமானது. புத்தகப்பையைத் தோளில் மாட்டி, பேரனைக் கையில் பிடித்து, பள்ளி வாசல் வரை நடந்தார். மருமகளுக்கு 6 நிமிடமான தூரம் அவருக்கு 11. முதலில் பார்த்த வேறொரு கட்டடத்திலிருந்து பள்ளிக்குப் போக விளக்குச் சந்திப்பு ஒன்றைக் கடக்க வேண்டும். அங்கே பச்சை விளக்கு 18 வினாடி எரிந்தது, பாட்டிக்குக் கடக்க 26 வினாடி ஆனது. நடுத்திட்டில் அவர் பேரனை அணைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு, 100 வெள்ளி குறைவான அந்த வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

வெள்ளம் பற்றி முகவரிடம் கேட்கவில்லை. கீழே முடி திருத்தும் கடையிலும் மளிகைக் கடையிலும் "2021 டிசம்பர்ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டார்கள். ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய அந்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள் என்பதால் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வரும். பின்புறக் கீழ்த்தள நிறுத்துமிடத்தில் கணுக்கால் வரை நின்றது என்று இருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். அதனால் முன்புற நிறுத்துமிடத்தைக் கேட்டு ஒப்பந்தத்தில் எண்ணோடு எழுதி வாங்கினார்கள்.

கையிலிருந்து போன பணம்: இரண்டு மாத முன்பணம் 2,800, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 700, முதல் மாத வாடகை 1,400, ஆக 4,900. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அன்றைய விதிப்படி முத்திரைத் தீர்வை 58 வெள்ளி, நகலுக்கு 10. லாரிக்கு 450. ரவாங் முன்பணம் திரும்பக் கைக்கு வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தை ஓட்டக் கையிருப்பு இல்லாவிட்டால் நகைதான் அடகுக்குப் போகும். இந்தக் குடும்பம் ஆண்டு ஊக்கத்தொகை வந்த பிறகே கையெழுத்துப் போட்டது சரியான முடிவு.

மாதச் செலவின் ஒப்பீடு

ரவாங்கில் வாடகை 850. காருக்கு மாதம் 1,672 கிலோமீட்டர், நெரிசலில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால் 119 லிட்டர், அன்றைய 2.05 வெள்ளி வீதம் 245. டோல் 140. மனைவியின் ரயில் 250, நிலையம் வரை மோட்டாருக்கு 20. பாலர் பள்ளி வேன் 110. மொத்தம் 1,615.

செந்தூலில் வாடகை 1,400. கணவரின் மோட்டாருக்கு 660 கிலோமீட்டர், ஏறத்தாழ 17 லிட்டர், 34 வெள்ளி. இருவருக்கும் மை50 அட்டை 100. அந்த அட்டை ரேபிட் கேஎல் ரயில், பேருந்து எல்லாவற்றுக்கும் 30 நாள் செல்லும், கேடிஎம்முக்குச் செல்லாது. ரவாங்கில் அதனால் பயன் பாதிதான் இருந்தது. வேன் இல்லை. மொத்தம் 1,534.

மாதம் 81 வெள்ளி மிச்சம். மாறிவந்த செலவே அதைப் பல மாதம் விழுங்கிவிடும். ஆகவே பணத்துக்காக இந்த மாற்றம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. 550 வெள்ளி கூடுதல் வாடகை என்று பயந்து தூரத்திலேயே இருப்பவர்கள், பெட்ரோல், டோல், வேன் மூன்றையும் வாடகையோடு கூட்டிப் பார்த்தால் அந்த 550 பெரும்பாலும் ஏற்கெனவே கையைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது தெரியும்.

மாறிய பிறகு

2024 பிப்ரவரி மூன்றாம் வாரம் லாரி வந்தது. முதல் தடுமாற்றம் பள்ளி. மகனை முன்பே ரவாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பதிந்திருந்தார்கள். வீடு உறுதியான பிறகே மாற்றலுக்கு விண்ணப்பித்தார்கள். புதிய முகவரிக்குச் சான்றாக முத்திரை பதித்த ஒப்பந்தமும் அவர்கள் பெயரில் ஒரு கட்டண ரசீதும் கேட்கப்பட்டன. ரசீது வர ஒரு மாதம். மார்ச் 11 பள்ளி திறந்தபோது மாற்றல் வரவில்லை. ஐந்து வாரம் பாட்டியும் பேரனும் ரவாங்கில் ஒரு சித்தி வீட்டில் தங்கினார்கள், பெற்றோர் சனி ஞாயிறில் போய்ப் பார்த்தார்கள். பிள்ளையோடு இருக்க வேண்டும் என்பதற்காக மாறிய குடும்பத்துக்கு இது கடுமையான ஐந்து வாரம்.

இரண்டாவது, அளவு பற்றியது. மார்ச் 12 அன்று ரமலான் தொடங்கியது. பல அலுவலகங்கள் மாலையில் முன்கூட்டியே விடுவதால் நெரிசல் 4.30க்கே தொடங்கி 6.30க்குள் கரைந்துவிடுகிறது. 5.30க்குக் கிளம்பும் கணவர் நெரிசலின் நடு உச்சியில் மாட்டிக்கொண்டார். மனைவி கணக்கு முடிக்கும் நாள்களில் காலி ரயிலில் வந்தார். இந்த ஒரு மாதக் குறிப்பை வைத்து இருவரும் எதிரெதிர் முடிவுக்கு வந்திருப்பார்கள். பள்ளி விடுமுறை, ரமலான், பெருநாள் வாரம் இந்த மூன்றிலும் எடுத்த எண்ணை வைத்து வட்டாரத்தை முடிவு செய்யக் கூடாது. அவர்கள் ரவாங்கில் அளந்தது பள்ளி நடக்கும் நாள்களில், மழைக்காலத்தில் என்பது நல்லதாயிற்று. செந்தூல் கணக்கைப் பெருநாள் முடிந்து ஏப்ரல் 22க்குப் பிறகே மறுபடி தொடங்கினார்கள்.

மூன்றாவது மழை. ஏப்ரல் மே மாதங்களில் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் மேம்பாலங்களுக்கு அடியில் மோட்டார்கள் ஒதுங்கி நிற்க, இடது தடம் சுருங்கி, பின்னால் வரும் வாகனங்களுக்கு அது திடீரென்றுதான் தெரிகிறது. ஒரு மாலை கணவருக்கு ஒரு கை அகலத்தில் ஒரு லாரி ஒதுங்கிப் போனது. அன்றிரவு வீட்டில் ஒரு விதி வைத்தார்கள்: 5.15க்கு மழை பெய்துகொண்டிருந்தால் மோட்டார் தொழிற்சாலையிலேயே நிற்கும், அவர் ரயிலில் வருவார், மறுநாள் காலையும் ரயில். மே மாதத்தில் ஆறு நாள் அப்படி வந்தார். அந்த நாள்களில் 70 நிமிடம். அவர் பெயரில் ஒரு மை50 அட்டை வைத்திருப்பதன் பொருள் அதுதான். அந்த 50 வெள்ளி அட்டை கையில் இருப்பதால், அவர் யோசிக்காமல் மோட்டாரை விட்டுவருகிறார்.

நான்காவது மின்தூக்கி. ஜூனில் இரண்டில் ஒன்று மூன்று வாரம் நின்றது. காலை 7 மணிக்கு எட்டாவது மாடியில் காத்திருப்பு 8 நிமிடம் வரை போனது. நிலையத்துக்கு ஒன்பது நிமிட நடை என்று பெருமையாகச் சொன்ன வீட்டில், கீழே இறங்குவதற்கே அதே நேரம். பாட்டி இருமுறை படியில் இறங்கி முழங்கால் வீங்கியது.

பெருநாளுக்குப் பிந்தைய 15 நாள் குறிப்பில் மனைவியின் 13ஆவது எண் 49 நிமிடம். ரவாங்கில் அது 2 மணி 18. கணவருக்கு மோட்டாரில் 38 நிமிடம், மழை நாளைச் சேர்த்தால் 70. அவர் வைத்த 50 நிமிட எல்லையை மழைக்காலம் மீறுகிறது என்பது உண்மை. ஆனால் 7.15க்குக் கிளம்புகிறார், காரில் தூங்குவதில்லை. மாலை 6.30க்கு இருவரில் ஒருவராவது வீட்டில் இருக்கிறார், மகனின் வீட்டுப்பாடம் வெளிச்சம் இருக்கும்போதே முடிகிறது. பாட்டி வெள்ளிக்கிழமை தானே நடந்து கோயிலுக்குப் போய்வருகிறார். ரவாங்கில் அதற்கு வேலைக்குப் போகும் தன் மகனுடைய ஓய்வு நாளுக்காகக் காத்திருப்பார்.

மறுபடி செய்வதானால்

பள்ளி மாற்றல் முதலில் வரும். வீடு பார்க்கத் தொடங்கும் வாரமே இரண்டு மூன்று பள்ளிகளின் அலுவலகத்துக்கு நேரில் போய், இடம் இருக்கிறதா, என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே முத்திரை பதித்து, இணைய இணைப்பையாவது தங்கள் பெயரில் பதிந்திருந்தால் முதல் ரசீது இரண்டு வாரம் முன்னதாகவே வந்திருக்கும். லாரியைப் பிப்ரவரிக்குப் பதில் ஜனவரியில் வரவழைத்திருக்கலாம். தைப்பூச வாரத்தை மட்டும் தவிர்க்க வேண்டும், ரத ஊர்வலத்தை ஒட்டி ஜாலான் ஈப்போ பக்கம் சாலைகள் மூடப்படும்.

மாடி நான்குக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள் இப்போது. மின்தூக்கி பற்றி நிர்வாகத்திடம் கேட்டார்கள், "பிரச்சினை இல்லை" என்று பதில் வந்தது. காலை 7 மணிக்குப் போய் மின்தூக்கிக்குக் காத்து நிற்கும் ஒரு அக்காவிடம் கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

கணவரின் ரயில் வழியையும் வீடு எடுப்பதற்கு முன்பே ஒரு மழை மாலையில் முழுதாகச் சோதித்திருக்க வேண்டும். மனைவியின் வழியை ஐந்து முறை அளந்தவர்கள், "மோட்டார் இருக்கே" என்று அவருடைய மாற்று வழியை ஒருமுறைகூட அளக்கவில்லை. ஏசியா ஜெயாவிலிருந்து தொழிற்சாலைக்குக் கடைசி 20 நிமிட நடையில் கூரை இல்லை என்பது மே மாதத்தில்தான் தெரிந்தது. இப்போது தொழிற்சாலை அலமாரியில் ஒரு ஜோடி செருப்பும் காலுறையும் நிரந்தரமாக இருக்கின்றன.

2025 பிப்ரவரியில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் 100 வெள்ளி கூட்டினார். அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் 1,450க்கு ஒரு வீடு காலியானது. 50 வெள்ளி குறைவு, ஐந்து மாடி கீழே. லாரி தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரும் ஒரு தள்ளுவண்டியும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சாமான்களை இறக்கி முடித்தார்கள்.